இவர் நீந்திக்கொண்டிருந்தபோது

தண்ணீரிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. வெந்நீர் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்குக் காற்று தண்ணீரைவிடக் குளிர்ந்து போயிருந்தது, அதனால் வந்த புகை. குளத்தைச் சுற்றிய சீமெந்துத் தரையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் என் கோட்டைப் போட்டு, அதற்கு மேல் இவருடைய கோட்டையும் போட்டு, காதை மூடிச் சால்வை சுற்றிக்கொண்டு ஒரு மர வாங்கில் இருந்தேன். மடியில் இஞ்சித் தேத்தண்ணி நிரப்பிய பிளாஸ்க். கையில் இவருடைய போன்.

இவர் என்றால் என் கணவர், குணம். அந்த நேரம் குளத்தின் தூரத்து முனையில் ஒரு சிவப்புத் தொப்பியாக மட்டும் தெரிந்தார்.

2009ஆம் ஆண்டின் தொடக்கம். பெரிய பனி கொட்டி முடிந்து சில கிழமைகள் ஆகியிருக்கும். நாங்கள் அப்போது லண்டனில், மோர்டன் பகுதியில் இருந்தோம். அங்கிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில், சூடாக்காத, கூரை இல்லாத ஒரு நீச்சல் குளம். குளிர் காலத்திலும் அங்கே நீந்த வருகிற வெள்ளைக்காரர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் நடுவில் யாழ்ப்பாணத்து ஆள் இவர் ஒருவர்தான்.

நான் அங்கே போனது நீந்த அல்ல. போன் காவலுக்கு.

போன் காவல்

இவருடைய தம்பி நேசன் வன்னியில் இருந்தான். கூட்டுறவுச் சங்கத்தில் லொறி ஓட்டியவன். மனைவி வதனி, இரண்டு பிள்ளைகள். சண்டை நெருக்க நெருக்க, ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் கடற்கரைப் பக்கமாக ஒரு பங்கருக்குள் இருக்கிறார்கள் என்ற அளவில் எங்களுக்குத் தெரியும். நேசன் வயதில் எனக்கு இளையவன். தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

நாங்கள் அவனுக்குப் போன் எடுக்க முடியாது. அவன்தான் எடுக்க வேண்டும். அங்கே யாரிடமோ ஒரு சாட்டிலைட் போன் இருந்தது. அதன் முன்னால் சனம் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் கதைக்கும். எப்போது முறை வரும் என்று அவனுக்கே தெரியாது. பிறகு எங்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால் இவர் போனைக் கையிலிருந்து விடுவதில்லை. ஓடப் போனால் பொலித்தீன் பையில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். சைக்கிளில் போனால் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஒரு நாள் நடு ரோட்டில் போன் அடித்திருக்கிறது. சைக்கிளைப் போட்டுவிட்டு எடுத்தால், ஜன்னல் மாற்றித் தருகிறோம் என்று யாரோ ஒரு பெண். "நன்றி, வேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அந்த ரோட்டோரத்திலேயே நின்றாராம். வீட்டுக்கு வந்து சொன்னார்.

தண்ணீருக்குள் மட்டும் போனைக் கொண்டுபோக முடியாது. அதனால்தான் குளிர் என்றாலே மூக்குச் சிவக்கிற நான் அந்த வாங்கில் இருக்க நேர்ந்தது. பாடசாலைச் சமையலறையில் எனக்கு வேலை. சனி ஞாயிறுதான் லீவு. அதையும் இந்த மனுசனின் நீச்சலுக்குக் கொடுத்துவிட்டேனே என்று வாய்க்குள் திட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

இருட்டுக்குப் பயந்தவர்

நோர்வேயின் வட முனையில் நாங்கள் இருந்த மீன் தொழிற்சாலை ஊரைப் பற்றி முந்தின வாரங்களில் எழுதியிருக்கிறேன். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வரி. குளிர் காலத்தில் அங்கே சூரியன் வராது. வரவே வராது. மத்தியானம் ஒரு நீல வெளிச்சம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அவ்வளவுதான்.

எனக்கு முன்னாலேயே, கல்யாணத்துக்கு முன், இவர் அங்கே ஒரு வீட்டில் எட்டுப் பேரோடு இருந்திருக்கிறார். எல்லாரும் ஊர்ப் பெடியள். அதில் ஒருவர் முதல் குளிர் காலத்தில் கட்டிலை விட்டு எழும்புவதைக் குறைத்துக்கொண்டார். வேலை, கட்டில், வேலை, கட்டில். பிறகு வேலையும் இல்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் அப்படியே இருக்கும். ஒரு நாள் ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. தெற்கே ஓர் ஊரில் சொந்தக்காரரோடு இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டோம். ஆரோடும் கதைப்பதில்லையாம்.

அதைப் பார்த்த பயத்தில்தான் இவர் வெளியே இறங்கினார். தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்கள் பழைய பனிச்சறுக்குக் கட்டைகளைக் கொடுத்தார்கள். விழுந்து, எழும்பி, நெற்றியில் தையல் போட்டு, பழகிக்கொண்டார். நான் புதுப் பெண்டாட்டியாகப் போய் இறங்கிய முதல் கிழமையே, "வெளிக்கிடும், நடக்கப் போவம்" என்றார். வெளியே கும்மிருட்டு, காற்று ஊளையிடுகிறது. இந்த மனுசனுக்கு மூளை சுகமில்லை என்று தரகர் மறைத்துவிட்டாரே என்று நினைத்தேன்.

பிள்ளைகளின் படிப்பு, தமிழ், கோயில், சொந்தபந்தம் என்று எல்லாரையும்போல நாங்களும் ஒரு நாள் நோர்வேயைக் கட்டிவைத்துவிட்டு லண்டனுக்கு வந்தோம். இவர் வீடுகளுக்கு வயறிங் செய்யும் வேலையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பயம் பெட்டிக்குள் இருந்து கூடவே வந்துவிட்டது. ஒக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி பின்தள்ளி நேரத்தை மாற்றினதும், பின்னேரம் நாலு மணிக்கே இருட்டுகிறதைக் கண்டதும், இவருக்குக் கால் பரபரக்கத் தொடங்கிவிடும்.

மோர்டனில் ஒரு சறுக்கு வீரர்

ஒரே வேலையைக் கொடுத்தால் முழங்கால் கேள்வி கேட்கும் என்பது இவருடைய கட்சி. அதனால் ஒரு நாள் ஓட்டம். ஒரு நாள் சைக்கிள். ஒரு நாள் நீச்சல். மற்ற நாளில், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சில்லுப் பூட்டிய சறுக்குக் கட்டை. நோர்வேயில் பனி இல்லாத காலத்தில் பழகுவதற்கு வைத்திருப்பார்கள். நீட்டுக் கட்டை, முன்னும் பின்னும் சின்னச் சக்கரம், இரண்டு கையிலும் தடி. அதைப் பூட்டிக்கொண்டு மோர்டன் பூங்காப் பாதையில் டக்டக்கென்று குத்திக்கொண்டு போவார். நாய்கள் குரைக்கும். பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். எங்கள் சனம் தெருவைக் கடந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும்.

மழை, ஆலி, காற்று, எதற்கும் லீவு இல்லை. நனைந்து வந்து வாசலில் நிற்பார். நான் துவாயை எறிவேன். உள்ளே கோழிக்கறி கொதிக்கும். அந்த மணத்தோடு காலில் இருந்து கழற்றிப் போட்ட ஈரச் சப்பாத்தின் மணமும் சேர்ந்ததுதான் எங்கள் வீட்டின் மாரி காலம்.

அந்த வருடம் வேறு மாதிரி. இவர் ஓடினது முன்புபோல உற்சாகத்தில் அல்ல. தமிழ் ரேடியோவில் செய்தி கேட்பார். இடத்தின் பெயர், எண்ணிக்கை, திரும்ப இடத்தின் பெயர். கேட்டுவிட்டு ஓட்டச் சப்பாத்தைக் காலில் பூட்டுவார்.

"இண்டைக்கு ஆலி கொட்டுது. ஒரு நாளைக்கு இருங்கோவன்" என்று கேட்டேன்.

"இருந்தால் நான் அந்தப் பெடியனைப்போல சுவரைப் பார்க்கத் தொடங்கிடுவன்" என்றார். "நான் சுவரைப் பார்த்தால், நேசன் எடுக்கேக்கை ஆர் கதைக்கிறது?"

அதற்குப் பிறகு நான் மறித்ததில்லை.

கறிவேப்பிலைக் கடையில்

அந்த வருடம் லண்டனில் எங்கள் சனம் ஒன்றையும் கொண்டாடவில்லை. ஆரும் சட்டம் போடவில்லை. பொங்கலுக்குப் பானை ஏறவில்லை. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டவில்லை. கல்யாணங்கள் தள்ளிப் போயின. தள்ள முடியாதவை மேளச் சத்தம் குறைத்து நடந்தன. நல்ல சேலை கட்டினாலே பார்க்கிற கண் குற்றம் சொல்லும். துக்கம் எல்லா வீட்டுக்கும் பொது என்று ஒரு நினைப்பு. அதில் பிழை இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்தக் காலத்தில்தான் லண்டனில் பெரும் பனி கொட்டியது. பஸ் நின்றது, ரயில் நின்றது, பாடசாலை பூட்டி எனக்கும் வேலை இல்லை. இவர் மாடிப்படிக்குக் கீழிருந்து பழைய பனிக் கட்டைகளை இழுத்து எடுத்தார். வாசலிலேயே பூட்டிக்கொண்டு, நடு ரோட்டில் சறுக்கிக்கொண்டு, விம்பிள்டன் பக்கத்துப் பெரிய வெளிக்குப் போய்விட்டார். மத்தியானம் திரும்பி வந்தபோது கன்னம் இரண்டும் சிவந்து, கண்ணில் தண்ணீர் வழிந்து, சின்னப் பெடியன்போல இருந்தார். ஒரு அரை நாள்தான். பிறகு ரேடியோவைப் போட்டார்.

அடுத்த நாள் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போனேன். பரமேஸ் அக்கா, எங்கள் தெருவில் இருந்தவர், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றார்.

"அங்கை சனம் செத்துக்கொண்டிருக்கு. உங்கடை மனுசன் பனியிலை சறுக்கி விளையாடினவராம். என்ரை மகன் கண்டவன்."

எனக்கு வாய் சும்மா கிடக்காது. "நீங்கள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளை இருந்ததாலை அங்கை பீரங்கிச் செல் விழாமல் நிண்டதோ, அக்கா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் மிளகாய்த்தூள் பைக்கற்றுகளை அடுக்குகிற சாட்டில் குனிந்துகொண்டார். நான் கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை. பரமேஸ் அக்காவின் சொந்தத் தங்கையும் அங்கேதான் இருந்தாள். அவருடைய நெருப்பை அவர் என் மேல் கொட்டினார், நான் என்னுடையதை அவர் மேல். வேறு என்ன?

"இஞ்சாருங்கோ!"

வாங்கில் இருந்தேன் என்று சொன்னேன் அல்லவா. அந்த நேரத்தில் போன் அடித்தது.

நீட்டு நம்பர். கை விறைத்து, பொத்தானை அமத்தவே இரண்டு தரம் பிழைத்தது.

"ஹலோ?"

ஒன்றும் இல்லை. சாட்டிலைட் போனில் குரல் போய்ச் சேரவும் திரும்பி வரவும் ஒரு இடைவெளி இருக்கும். காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன்.

"அண்ணியோ? நான் நேசன். அண்ணை நிக்கிறாரோ?"

"தம்பி! வைச்சிடாதையும். எல்லாரும் இருக்கிறியளோ?"

"ஓம் அண்ணி. நாலு பேரும் இருக்கிறம். அண்ணையைக் குடுங்கோ. பின்னாலை நிறைய ஆக்கள் நிக்கினம்."

"அவர் தண்ணிக்குள்ளை."

இடைவெளி. "என்ன?"

"நீந்துறார். வெளியிலை ஒரு குளத்திலை. நில்லும், கூப்பிடுறன்."

எழும்பி ஓடினேன். பிளாஸ்க் உருண்டு விழுந்தது. குளத்தின் ஓரமாக, வழுக்கி வழுக்கி, போனைக் காதோடு பிடித்தபடி, கத்தினேன்.

"இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!"

எங்கள் பக்கத்தில் கணவனைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, இங்கே பாருங்கள் என்ற இந்த இஞ்சாருங்கோதான். என் வயதுப் பெண்களுக்கு அது நாக்கில் வராது. வீட்டுக்குள் அதனால் ஒரு குறையும் இல்லை. மூன்று அறை வீட்டில் இஞ்சாருங்கோ என்றால் ஆருக்கென்று தெரியாதா? ஆனால் அது பெரிய குளம். காதை மூடிய தொப்பி. தண்ணீரில் முகம். ஏதோ ஒரு பெண் ஏதோ ஒரு பாஷையில் கத்துகிறாள் என்றால் இவருக்கு எப்படித் தெரியும்?

"இஞ்சாருங்கோ! நேசன்! போன்!"

சிவப்புத் தொப்பி அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுவிட்டு, திரும்பாமல், மல்லாந்து மிதந்தது.

கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவி, ஒவ்வொரு கிழமையும் எனக்குத் தலையாட்டுகிறவர், துவாயோடு ஓடி வந்தார். என்ன பெயர், உன் கணவனுக்கு என்ன பெயர் என்று கேட்டார். அவருக்குச் சொன்னேன். மற்றவர்களிடம் சொல்ல நாக்குக் கூசாது. அவர் இரண்டு கையையும் வாயில் குவித்து, "கூனாம்! கூனாம்!" என்று கத்தினார்.

அப்போதுதான் போனுக்குள் சிரிப்புக் கேட்டது.

எல்லாம் பிந்தித்தான் அவனுக்குப் போய்ச் சேரும். என் கத்தல் முழுவதும் போய், அந்தக் கிழவியின் கூனாமும் போய், பிறகு அவனுடைய சிரிப்பு திரும்பி வந்தது. அடக்க முடியாமல், மூச்சு வாங்கி, நேசன் சிரித்தான்.

"என்ன அண்ணி, இன்னும் பேர் சொல்லிக் கூப்பிடப் பழகேல்லையோ? வெள்ளைக்காரியைப் பிடிச்சே கூப்பிடுறியள்?"

சமாதான காலத்தில் நாங்கள் வன்னிக்குப் போயிருந்தபோது அவன் இதைச் சொல்லியே என்னைக் கொன்றிருக்கிறான். அப்போது இவர் விடியக் காலையில் கிளிநொச்சி ரோட்டில் ஓடுவார். நாய் துரத்தாமல் இருக்க நேசன் ஒரு தடியோடு சைக்கிளில் பின்னால் போவான். திரும்பி வந்ததும் வதனியும் நானும் சமைக்கிற குசினி வாசலில் நின்று, "இஞ்சாருங்கோ வந்திட்டார், அண்ணி" என்பான். வதனி சிரித்துச் சிரித்துக் கிணற்றடிக்குப் போய்விடுவாள்.

"அவர் வாறார் தம்பி, திரும்பிட்டார், ஒரு நிமிசம்" என்றேன்.

"விடுங்கோ அண்ணி. நீந்தட்டும். இந்தக் குளிருக்கை நீந்திற மனுசனுக்கு ஒண்டும் வராது." இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "நான் பிறகு எடு..."

அதோடு நின்றுவிட்டது.

இவர் தண்ணீர் சொட்டச் சொட்டப் போனைப் பிடுங்கினார். காதில் வைத்தார். நம்பரை அமத்தினார். போகவில்லை. திரும்ப அமத்தினார். உதடு நீலம். தோள் துடிக்கிறது. கிழவி இவருடைய முதுகில் துவாயைப் போட்டார். அது வழுகி விழுந்தது, இவர் கவனிக்கவில்லை.

"என்ன சொன்னவன்?"

"நாலு பேரும் இருக்கினமாம். சிரிச்சவன்."

"என்ன?"

"சிரிச்சவன். நான் கத்தினதைக் கேட்டுச் சிரிச்சவன்."

என்னைப் பார்த்தார். நம்பவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

நின்றுபோன மனுசன்

நேசன் பிறகு எடுக்கவில்லை.

இவர் அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்கவில்லை. ஓடவும் இல்லை. சைக்கிளைப் பின்வளவில் சாத்தினது சாத்தினபடி இருந்தது. சண்டையை நிறுத்தச் சொல்லி லண்டன் பார்லிமெண்ட் முன்னால் எங்கள் சனம் கூடியபோது அங்கே போனார். நாள் கணக்கில், மழையிலும் வெயிலிலும், ஒரு பதாகையைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றார். மே மாதத்தில் எல்லாம் முடிந்தது என்றார்கள். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் ஜன்னல் திறக்கவில்லை.

யூனில்தான் செய்தி வந்தது. முகாமில் இருந்த ஓர் ஊர்க்காரர் எப்படியோ சொல்லி அனுப்பியிருந்தார். நேசன் செல் விழுந்து போய்விட்டான். வதனியும் பிள்ளைகளும் முகாமில். இவர் கேட்டார். போனை வைத்தார். என்னிடம் தேத்தண்ணி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

திதி தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னார். "ஆருக்கு?" என்று இவர் கேட்டார். ஐயர் என்னைப் பார்த்தார். அந்தக் கதை அதோடு முடிந்தது.

அந்தக் கோடை முழுக்க இவருக்கு ஒரே ஒரு கேள்விதான்.

"அவன் கடைசியா என்ன சொன்னவன்? உண்மையைச் சொல்லும்."

"சிரிச்சவன். நீந்தட்டும் எண்டவன்."

"செல் விழுற இடத்திலை நிண்டுகொண்டு ஆர் சிரிப்பினம்? தம்பி அங்கை சாகக் கிடக்கேக்கை நான் இஞ்சை நீந்தினனான். அவனுக்கு மனம் விட்டுப்போயிருக்கும். என்னைத் தேற்றிறதுக்குப் பொய் சொல்லாதையும்."

எத்தனை தரம் சொல்லுவது? அந்தச் சிரிப்பைக் கேட்டது உலகத்தில் நான் ஒருத்திதான். எனக்குச் சாட்சி இல்லை. கூனாம் என்று கத்திய கிழவிகூட அதைக் கேட்கவில்லை.

ஒக்டோபரில் நேரம் மாறியது. நாலு மணிக்கு இருட்டியது. இவருக்குக் கால் பரபரக்கவில்லை. சோபாவில் இருந்தார். உடம்பு ஊதியது, ரத்தத்தில் சீனி ஏறியது, நடக்கச் சொல்லி டொக்டர் ஏசினார். சப்பாத்தை வாசலில் எடுத்து வைத்துப் பார்த்தேன். தாண்டிப் போனார். ரோசம் வரட்டும் என்று ஒரு நாள் நானே இவருடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். பூங்கா வாசல் வரைக்கும் ஓடி, மதிலைப் பிடித்து இளைத்து, நடந்து திரும்பி வந்தேன். மூச்சு வாங்க வாங்க முன்னால் போய் நின்றேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோர்வேயில் கட்டிலில் கிடந்த அந்தப் பெடியனை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வதனி கேட்டது

அந்த வருடத்தின் கடைசியில் திரும்பவும் கொஞ்சம் பனி பெய்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். வதனி. முகாமிலிருந்து விட்டுவிட்டார்கள், வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறாள். அவளுடைய குரல் எனக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் எடுத்தது. அவ்வளவு மெலிந்து போயிருந்தது.

போனைச் சத்தமாக வைத்து மேசையில் வைத்தேன். இவர் எழும்பி வந்து கதிரையில் இருந்தார். பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா, சின்னவனுக்குக் காலில் பட்ட காயம் ஆறிவிட்டதா என்றெல்லாம் கேட்டார். அவள் ஓம், ஓம் என்றாள்.

"அத்தான், ஒண்டு கேக்கட்டே?" என்றாள் வதனி. "கன நாளாய் மனசுக்குள்ளை கிடக்கு."

"கேள் பிள்ளை."

"கடைசியாய் ஒரு நாள் அவர் உங்களுக்குப் போன் எடுக்கவெண்டு போனவர். வந்து, அண்ணை வேலைக்குப் போட்டார், அண்ணியோடைதான் கதைச்சனான் எண்டவர். பங்கருக்கை எல்லாச் சனமும் இருந்தது. நானும் பிறகு ஒண்டும் கேக்கேல்லை."

இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். வேலைக்குப் போய்விட்டார் என்று நான் சொல்லவே இல்லை. செத்த பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து இருக்கிற சனத்தின் நடுவில், என் அண்ணை லண்டனில் நீந்துகிறார் என்று நேசன் எப்படிச் சொல்லுவான்? அண்ணனுடைய மானத்தை அவன் அந்தக் குழிக்குள்ளும் மறைத்துக் காத்திருக்கிறான்.

"பிறகு ஒரு மூலையிலை இருந்துகொண்டு தனியச் சிரிச்சவர், அத்தான்" என்றாள் வதனி. "என்னப்பா எண்டு கேட்டன். சொல்லேல்லை. கையாலை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பவும் சிரிச்சவர். எனக்கு ஆத்திரம் வந்திட்டுது. சுத்திவரச் சனம் சாகேக்கை உங்களுக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கெண்டு ஏசிப்போட்டன். எல்லாருக்கும் முன்னாலை ஏசிப்போட்டன். பிறகு கொஞ்ச நாளிலை அவர் இல்லை. அவர் என்னத்துக்குச் சிரிச்சவர், அத்தான்?"

இவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி என்னை மறித்தார்.

"நான் வேலைக்குப் போகேல்லைப் பிள்ளை" என்றார். "நான் நீந்திக்கொண்டிருந்தனான். இஞ்சை ஒரு குளத்திலை, பச்சைத் தண்ணியிலை. அண்ணி போனோடை கரையிலை நிண்டவ. என்னைக் கூப்பிடவேணும், பேர் சொல்ல வாய் வரேல்லை. இஞ்சாருங்கோ இஞ்சாருங்கோ எண்டு குளம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினவ. பிறகு ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைக் கூனாம் எண்டு கூப்பிட்டது. அதைக் கேட்டுத்தான் அவன் சிரிச்சவன்."

கோடை முழுக்க நான் சொன்னது. ஒரு சொல் விடாமல், நான் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னார்.

லைன் போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தேன். போகவில்லை. தூரத்தில் ஒரு சேவல் கூவுவது கேட்டது.

"இதுக்கே?" என்றாள் வதனி.

"ஓம் பிள்ளை. இதுக்குத்தான்."

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே, அத்தான்" என்றாள். "சொல்லியிருந்தால் நானும் சிரிச்சிருப்பனே."

இவருடைய முகம் முதலில் சிரிக்கத்தான் போனது. வாய் திறந்தது, தோள் குலுங்கியது. பிறகு அது அழுகையாக வந்தது. கதிரையிலிருந்து வழுகி நிலத்தில் இருந்து, "என்ரை தம்பி, என்ரை தம்பி" என்று தலையில் அடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சுவர் அதிர அழுதார். அங்கே வதனி அழுவது கேட்டது. நான் இரண்டு பேரையும் தடுக்கவில்லை.

நேசன் செத்துப்போனான் என்ற செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.